சிவப்பு நாற்காலி

"உங்கள் தந்தை இன்று காலை இறந்துவிட்டார்."

வினோதினி இதை ஜெர்மனில் சொன்னாள். மெதுவாக, கண்ணைப் பார்த்து, ஒரு பிழையும் இல்லாமல்.

எதிரே சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆசிரியை பதில் சொல்ல வேண்டும்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேம் பிரமாதமாக நடிக்கிறார் என்று நினைத்து வகுப்பு கைதட்டியது.

திருச்சியில் ஓர் இனிப்புக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் வகுப்பு அது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் நர்ஸுகள். மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. பேச்சுத் தேர்வில் தவறாமல் வரும் பகுதியைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோயாளியின் மரணத்தை உறவினருக்குத் தெரிவித்தல்.

நீல நாற்காலி நர்ஸுக்கு. சிவப்பு உறவினருக்கு.

இந்த அறைக்குள் தமிழ் கூடாது. ஆசிரியை வைத்த சட்டம். மேம் வகுப்பில் தும்மினால்கூட ஜெர்மனில்தான் தும்ம வேண்டும் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நன்று என்றாள், ஜெர்மனில்.

பொழுது விடியும்போது வினோதினியின் அம்மா போன் செய்திருந்தார்.

"அவங்கப்பா போயிட்டாரு டீச்சர். பரீட்சை முடியிற வரைக்கும் புள்ளைக்குச் சொல்லிடாதீங்க. இத விட்டா அவளுக்கு வேற வழியில்ல."

தேர்வு நாளன்று விடுதியில் பெண்களின் போன்களை வாங்கி வைத்துவிடுவது வழக்கம். அதனால் யாரும் வினோதினியைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. சொல்வதென்றால் இவள்தான் சொல்ல வேண்டும்.

சரிம்மா என்றுவிட்டாள்.

அதையே வினோதினியின் மாமாவுக்கும் எழுதி அனுப்பினாள். நல்லதுக்குத்தானே. இந்தத் தேர்வை விட்டால் அடுத்தது எப்போதோ. ஜெர்மனி மருத்துவமனை அதுவரை இடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

காலையிலிருந்து இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மனசு கேட்பதாக இல்லை. காபிகூட இறங்கவில்லை.

வினோதினியைப் பலகைக்கு அனுப்பினாள்.

ஸ்மார்ட் போர்டில் நான்கு வாக்கியங்கள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. விரலால் இழுத்து வரிசைப்படுத்த வேண்டும்.

தள்ளிப்போடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். தூங்கிவிட்டார், போய்விட்டார் என்று மழுப்பாதீர்கள். இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள்.

இவளே தயாரித்த பாடம். எத்தனையோ பெண்களுக்கு நடத்தியாயிற்று.

வினோதினி உட்காரச் சொல்வதை முதலில் கொண்டுபோய் வைத்தாள். தள்ளிப்போடாதே என்பதைத் தொட்டாள்.

பலகையின் உச்சியிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியது.

ஆசிரியையின் போனுக்கு வந்த செய்தி அது.

மடிக்கணினி மக்கர் செய்ததால் தன் போனையே பலகையோடு இணைத்திருந்தாள். செய்திகள் வராமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. இன்று அவள் அவளாகவே இல்லை.

அவள் எழுவதற்குள், அதுவும் பாடத்தில் ஒன்று என்று நினைத்து வினோதினி பட்டையைத் தொட்டுவிட்டாள்.

திறந்துகொண்டது.

மாமா அனுப்பியது. ஒவ்வோர் எழுத்தும் கை அகலம். தமிழில்.

மேடம், பாடி தாங்காதுங்கறாங்க. நாலு மணிக்கு எடுத்துடுவோம். வினோக்கு இன்னும் தெரியாதுல்ல?

அதற்கு மேலே, காலையில் இவள் அனுப்பியது:

நான் பார்த்துக்கொள்கிறேன். தேர்வு முடியும்வரை அவளிடம் சொல்ல மாட்டேன்.



வினோதினியின் விரல் பலகையிலேயே இருந்தது. அதை எடுத்தால் என்ன ஆகுமோ என்பதுபோல் அழுத்திக்கொண்டு நின்றாள்.

முன்வரிசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆசிரியை இணைப்பைத் துண்டிக்கப் போனை எடுத்தாள். விரல் தவறிப் பட்டதில் செய்தி இன்னும் பெரிதானது. கீழே வைத்துவிட்டாள். இனி எதை மறைக்க.

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. வினோதினியின் ஊர் ஜெயங்கொண்டம் தாண்டி உள்ளே இருந்தது. இப்போது கிளம்பினால் அப்பாவின் முகத்தைப் பார்க்கலாம். தேர்வை எழுதினால் பார்க்க முடியாது.

அதை முடிவு செய்ய வேண்டியவள் வினோதினி. காலையிலேயே ஆசிரியை முடிவு செய்துவிட்டாள்.

வினோதினி விரலை எடுத்தாள். திரும்பி வந்தாள்.

நீல நாற்காலியைக் கடந்தாள். சிவப்பு நாற்காலியின் முன்னால் வந்து நின்றாள்.

நகருங்கள் என்று அவள் சொல்லவில்லை. ஆசிரியை தானாக எழுந்துகொண்டாள்.

வினோதினி அதில் உட்கார்ந்தாள். முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் வைத்து.

அறையில் காலியாக இருந்தது நீல நாற்காலி மட்டும்.

ஆசிரியை அதில் உட்கார்ந்தாள். எதிரே அந்தக் கண்களைப் பார்த்தாள். பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"வினோதினி... அப்பா வந்து..."

அதற்கு மேல் வரவில்லை. ஜெர்மனில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம்.

மடியிலிருந்த கைகளில் ஒன்று நீண்டது. ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டது. நர்ஸின் கை. சூடாக, நடுங்காமல்.

"சொல்லுங்க மேம்," என்றாள் வினோதினி. "நான் பஸ்ஸப் புடிக்கணும்."