நாற்பது வினாடி

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில் இருந்து எழிலன் நடத்தும் வரன் தேடும் இணையதளத்தில் விவரமெல்லாம் உடனே வந்துவிடும். போட்டோ மட்டும் ஆடி அசைந்துதான் வரும்.

"சைட்ட லிஸ்ப்ங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதுனதால இப்படியா?" என்று கேட்டாள் மங்கை. இந்த வாரம்தான் அவள் நிரல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"லிஸ்ப குத்தம் சொல்லாத. மலை டவர மறைக்குது."

மங்கை நம்பவில்லை. நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு படத்தையும் அது துளித்துளியாக வாசித்து அனுப்பிக்கொண்டிருந்தது. மொத்தமாக வாசிக்கும்படி மாற்றினாள். படங்கள் படபடவென்று வந்து விழுந்தன, ஒன்றைத் தவிர.

தேடினாள். அந்த ஒரு படத்துக்கு மட்டும் 'நாற்பது வினாடி காத்திரு' என்று தனியாக ஒரு வரி இருந்தது.

"இன்னா இது?"

"அத உடு, பழசு" என்று எழிலன் லேப்டாப்பை மூட ஓடிவந்தான். அதற்குள் படம் வந்துவிட்டது. காது இரண்டும் விரிய, ரேஷன் கார்டு போட்டோ மாதிரி முறைத்துக்கொண்டிருந்தான் எழிலன்.

மூன்று வருஷத்துக்கு முன், தொண்டூர் பஸ்ஸில் வரும்போது, இதே தளத்தில் எழிலனின் படிப்பு, வேலை, நிலம் எல்லாம் படித்துவிட்டு, போட்டோவுக்குக் காத்திருந்து சலித்துப்போய் 'விருப்பம்' என்பதை அழுத்தியிருந்தாள் மங்கை. மறுநாளே அவன் வீட்டார் பூ, பழத்தோடு வந்து நின்றார்கள்.

"அன்னிக்கு சிக்னல் இல்லன்னு நெனச்சிட்டேனே."

"அதான் நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சே" என்றான் எழிலன். "இப்ப வேணா அந்த வரிய எடுத்துடு."