வடக்குச் சுவரில் ஒரு கட்டு

"இன்னிக்கும் எடுத்துட்டான்!"

வெர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று பொரிந்தாள்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து முன்னறையிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்த அவள் கணவர் ஹார்லன் டிவி சத்தத்தைக் குறைத்தார். "ஒரு கட்டு வைக்கோல்தானே, விடேன்."

"ஒண்ணா? இதோட ஒன்பது. தினம் சாயங்காலம் நான் வேலையிலேர்ந்து வந்து வைக்கிறேன். மறுநாள் வந்து பாத்தா காணோம். அதுவும் வடக்குச் சுவர்ல, அதே இடத்துல."

மெய்ன் மாநிலத்துக் குளிருக்கு, பனி விழும் முன்பே வீட்டின் அடிச்சுவரைச் சுற்றி வைக்கோல் கட்டுகளை அடுக்கிவிடுவது அந்த ஊர் வழக்கம். வெர்னா அடுக்கினால் எறும்புகூட நுழையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திருடன் யாரென்று துப்புத் துலக்க வேண்டியதில்லை. பனியில் பூட்ஸ் தடம் பக்கத்து வீட்டு எல்வுட்டின் வாசலிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பியிருந்தது. அவர் பனி தள்ளும் வண்டியால் இவர்கள் வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்த நாளிலிருந்து, ஆறு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சு கிடையாது.

"கோழிக்கு வைக்கோல் வேணும்னா வந்து கேக்கட்டுமே."

"கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

பத்தாவது கட்டை வைத்து, இரண்டு பக்கக் கட்டுகளோடும் சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். இனி எடுத்தால் போலீஸ்தான்.

விடிந்தபோது ஹார்லனுக்குத் தலை பிளந்தது. வாந்தி வேறு. எழுந்த வெர்னாவுக்கும் கால் துவண்டது. வீடெங்கும் எரிந்த எண்ணெய் நாற்றம். செப்டம்பரில் நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் புது எண்ணெய் ஃபர்னஸ் வைத்துக் கொடுத்த டுவைட்டுக்குப் போன் செய்தாள்.

"ஃபர்னஸை அணைங்க. ரெண்டு பேரும் உடனே வெளியில போங்க. ஆம்புலன்ஸை நான் கூப்பிடறேன்."

ஹார்லனைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தவள் வடக்குப் பக்கம் பார்த்தாள். கம்பி வெட்டப்பட்டிருந்தது. கட்டைக் காணோம். அந்த நிலைமையிலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஹார்லன், "பசிக்குது" என்றார். அப்போதுதான் வெர்னாவுக்கு உயிர் வந்தது.

டுவைட் நிலவறையிலிருந்து கையெல்லாம் கரியாக ஏறி வந்தான்.

"காத்து வர்ற வழியை ராத்திரி யாரும்மா அடைச்சது?"

"எந்த வழி?"

"வடக்குச் சுவர்ல வலை போட்டு வச்சேனே, இப்ப அதுல வைக்கோல் ஒட்டியிருக்கு. அதை மறைக்கவே கூடாதுன்னு அன்னிக்கே காட்டினேன்ல?"

காட்டியிருப்பான். அவள் அன்று அவனுடைய பூட்ஸ் தரையை அழுக்காக்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் எரியக் காத்து வேணும்மா. நீங்க வீட்டை டப்பா மாதிரி அடைச்சு வச்சிருக்கீங்க. ஃபர்னஸ் வெளியிலேர்ந்துதான் மூச்சு இழுத்தாகணும். இல்லன்னா அரைகுறையா எரிஞ்சு, புகைபோக்கில ஏற வேண்டியது வீட்டுக்குள்ளயே திரும்பிடும். அதுல இருக்கிற விஷவாயுவுக்கு வாசனைகூடக் கிடையாது. தூங்கினவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. அது சரி, விஷவாயு அலாரத்துல பேட்டரியைக் காணோமே?"

ஹார்லன் தலையைக் குனிந்துகொண்டார். "டிவி ரிமோட்ல இருக்கு."

"மத்த நாளெல்லாம் அந்தக் கட்டு திருடு போயிடும். இந்த ஒரு ராத்திரிதாம்ப்பா முழுசா அடைச்சிருந்தது," என்றாள் வெர்னா.

"அதனாலதான் என்கிட்டப் பேசிட்டிருக்கீங்க."

ஒன்பது கட்டு. அதே இடம். நேராக எல்வுட்டின் வீட்டுக்கு நடந்தாள்.

எல்வுட் கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் பத்துக் கட்டுகளும் கயிறுகூட அவிழ்க்காமல் வரிசையாக அடுக்கியிருந்தன.

"கோழிக்குக்கூடப் போடலியா?"

"உன் வைக்கோல் எனக்கெதுக்கு? ஹார்லன் எப்படி இருக்கான்?"

"பசிக்குதுங்கறார்."

எல்வுட் வாளியைக் கீழே வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். "எப்பவும் நீங்க தூங்கினதும் எடுத்துடுவேன், நேத்து கண்ணசந்துட்டேன். விடியக்காலைல வந்து பாத்தேன். கம்பியா போட்டு இறுக்கியிருக்கே. வெட்டறதுக்குள்ள விரல் மரத்துப்போச்சு."

"அது காத்து வர்ற வழின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுலயும் டுவைட்தானே வச்சான்."

வெர்னாவுக்குக் கண் நிறைந்தது. ஆனால் கோபமும் விடவில்லை. "ஊரெல்லாம் உன்னைத் திருடன்னு சொல்லிட்டுத் திரியறேன். ஹார்லன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன்னைத் தாண்டித்தானே அவன்கிட்டப் போகணும்."

"அப்ப என்கிட்டச் சொல்லியிருக்கலாமே எல்வுட். ஒரே ஒரு வார்த்தை."

"நான் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? எனக்காகவே அங்க இன்னொரு கட்டும் சேத்து வச்சிருப்பே."

மறுத்துப் பேச வாயெடுத்த வெர்னா ஒரு கணம் யோசித்துப் பார்த்தாள்.

வைத்திருப்பாள்தான்.