முதல் கோல் போட்டவள்

சித்தூர் பெண்கள் கால்பந்து கிளப்பின் வரலாற்றை எழுதத் தகுதியுள்ளவர் இந்தப் பூமியில் ஒருவர்தான், அது தான்தான் என்று கிருபானந்தம் மனைவியிடம் அறிவித்தார். கிரேஸ் திருப்பதி வேலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"அவ சொன்னா, இவ சொன்னான்னு எழுதிக்கினு போறதெல்லாம் வரலாறா? பேப்பர் இருக்கணும். வெள்ளி விழா மலர் நாளைக்கு அச்சுக்குப் போவுது. கிளப்போட முதல் கோல் ஈவ்லின் போட்டது. இதோ, அவ நைனா கையெழுத்து போட்ட அனுமதி ஃபாரம்."

"ஈவ்லின் கிரவுண்டுக்கே வந்ததில்லைங்க. அவளுக்குப் பந்துன்னாலே பயம்."

"அப்ப ஆடினது யாரு, ஆவியா?"

"அவ சிநேகிதி. அந்தப் பொண்ணோட நைனா கையெழுத்து போடல. அதனால ஈவ்லின் பேர்ல ஆடினா."

"இதான் நான் சொல்றது. வாய்க்கு வந்த கதை. ஆதாரம் எங்க?"

"ஆதாரம் இல்லைங்க. போன மாசம் எங்க நைனாவ அடக்கம் பண்ற வரைக்கும் வாயத் தெறக்கவும் முடியல."

கிருபானந்தம் நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் ஆடினேன். உங்களுக்காவது தெரியட்டும்னு சொன்னேன். மலர்ல ஈவ்லின்னே போட்டுக்குங்க" என்றவள், உலை வைக்க எழுந்து போனாள்.

அவர் ஃபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, மலருக்காகத் தான் எழுதி வைத்திருந்த பட்டியலை எடுத்தார். முதல் கோலுக்கு எதிரே ஈவ்லினை அடித்துவிட்டு, கிரேஸ் என்று எழுதினார். பக்கத்தில் 'ஆதாரம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அதையும் நிரப்பினார்:

'அவளே சொன்னாள்.'