மணிக்கு நூற்றைம்பது மைல்

"நூத்தம்பது மைலைத் தொட்டுச்சா?" கதவைத் திறந்ததுமே கேட்டாள் மாவிஸ். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத் தொழிற்சாலையின் புது ஸ்போர்ட்ஸ் காரை அன்று சோதனை ஓட்டம் விட்டவன் அவள் கணவன் ராய்.

"தாண்டிடுச்சும்மா. நூத்தி அம்பத்தி மூணு," என்றார் வாசலில் நின்ற தலைமைப் பொறியாளர் கிளிஃபோர்ட்.

"அப்பாடா! பிரேக் சரியா பிடிக்கலைன்னு காலையில முணுமுணுத்துட்டே போனாரு. பயந்தாங்கொள்ளின்னு நீங்க கிண்டல் பண்ணினீங்களாமே?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"சரி, சேதி சொல்ல உங்களை அனுப்பிட்டு, அவரு நேரா பப்புக்குப் போயிட்டாராக்கும்!"

"அவன் சொல்லி அனுப்பலம்மா." கிளிஃபோர்ட் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார். "நொறுங்கிக் கிடந்த வண்டியில, வேகமானி முள்ளு அந்த எண்ணுலதான் நின்னுட்டிருந்துச்சு."