சிவப்புப் பக்கம்

"இன்னிக்கும் யாரும் நிக்கலேன்னா உன் சிவப்புப் பக்கம் குப்பைக்குத்தான். வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்று மேலாளர் வடிவமைப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

போலி வங்கி இணையதளத்துக்குள் நுழையப் போகிறவர்களைத் தடுக்கும் எச்சரிக்கைப் பக்கம் அது. சோதிக்க வந்த எட்டுப் பேரும் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஒன்பதாவதாக ஒரு தையல்காரம்மா வந்தார். வடிவமைப்பாளர் வழக்கம்போல அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, இருப்புக் கொள்ளாமல் உட்கார்ந்தார்.

திரை சிவந்தது. 'இது போலித் தளம். உங்கள் கடவுச்சொல் திருடப்படலாம்.'

தையல்காரம்மா நிதானமாகப் படித்தார். பிறகு, 'தொடர்ந்து செல்' என்பதை அழுத்தினார்.

வடிவமைப்பாளருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது! எழுதியிருந்தது புரியலையா?"

"நல்லாப் புரிஞ்சுதே சார். உள்ள திருடன் இருக்கான்னு போட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏன் போனீங்க? தெரிஞ்சே யாராவது கிணத்துல விழுவாங்களா?"

"நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே சார். விழ விட்டுருவீங்களா?"



அடுத்து வந்த லாரி ஓட்டுநரை வடிவமைப்பாளர் அறையில் தனியாக விட்டுவிட்டு, வெளியே நடைபோட்டுக்கொண்டிருந்தார். சிவப்புப் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

இரண்டே நிமிடத்தில் கதவு திறந்தது. ஓட்டுநர் பதறிப்போய் வந்து அவர் கையைப் பிடித்தார்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ போலித் தளம் வருது. நான் மூடிட்டேன். நீங்களும் பார்த்து இருங்க, ஏமாந்துடாதீங்க!"