பதின்மூன்றாவது பூச்சி

பூச்சி ஒன்றுக்கு முப்பது வீதம் பன்னிரண்டுக்கு, மருதமுத்துவுக்கு எஸ்டேட் மேனேஜர் தர வேண்டியது முந்நூற்று அறுபது ரூபாய். வெயிலுக்கு வெட்டுக்கிளி, மழைக்கு ஈசல் என்று, தேயிலை கவ்வாத்து வெட்டிக் காய்த்த கையால் கோழிச் சிறகிலும் நூலிலும் பொய்ப்பூச்சி கட்டித் தருவான். மேனேஜர் அதில் தூண்டில் முள் கோர்த்து ஓடையில் மீன் பிடிப்பார். இந்தப் பனிக்காலத்துக்குக் கட்டிய சாம்பல் பூச்சிகளை பங்களா ஜன்னலில் தட்டோடு வைத்துவிட்டுப் போயிருந்தான். காலையில் எண்ணினால் பதின்மூன்று. பனியில் விறைத்த நிஜப் பூச்சி ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

"எதுய்யா உன்னுது? கை வைக்காம சொல்லு. நீ கட்டுனதே உனக்குத் தெரியலன்னா கூலி எதுக்கு?"

மருதமுத்து குனிந்து குனிந்து பார்த்தான். எல்லாம் தன்னுடையவை போலிருந்தன; ஒன்றுகூடத் தன்னுடையதில்லை போலவும் இருந்தது.

"மீனையே கேட்டுப்புடுவோம்ங்கய்யா."

ஓடை தேங்கி நிற்கும் இடத்தில் எல்லாவற்றையும் மிதக்கவிட்டார்கள். ஒரு மீன் மேலே வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒன்றை மட்டும் விழுங்கியது.

"பாத்தியா, அதுதான் உசுருள்ளது. மிச்சம் பன்னெண்டும் உன்னுது." மேனேஜர் சிரித்தபடி பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

அவன் அதை மடியில் செருகுவதற்குள், வெயில் பட்ட அந்தப் பன்னிரண்டில் ஒன்று சிறகை உதறிக்கொண்டு பறந்து போனது. மேனேஜரின் சிரிப்பு நின்றது. மீன் விழுங்கியதைச் சேர்த்தால் அவன் கட்டியது பன்னிரண்டுதான்; கூலி சரிதான், கணக்கு ஒன்றும் பிசகவில்லை. ஆனாலும் சந்தோஷப்படுவதா, அந்த மீனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று மருதமுத்துவுக்குப் புரியவில்லை. அதே மீன் வாயைத் திறந்துகொண்டு மறுபடி மேலே வந்தது.