மேட்டில் நின்ற ஜீப்

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அவன் கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

ஜீப் நின்றது.

ஒரு காலைத் தரையில் ஊன்றினான். மற்றதை எடுக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்துவிட்டு அதையும் எடுத்தான்.

அப்போதும் நின்றது.

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் மண்பாதையில் இதுதான் ஆக மோசமான மேடு. மனுஷன் நின்றாலே குதிகால் வழுக்கும். அங்கே, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, உள்ளே ஆளில்லாமல் அவனுடைய வண்டி நின்றுகொண்டிருந்தது.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வரட்டுமே!

மகள் நாகஜோதி பாதையோரப் பாறைமேல் கைகட்டி நின்றிருந்தாள். அவள் போட்ட நிபந்தனை இது. அம்மா செத்த இடத்தில், அதே ஜீப், கட்டை இல்லாமல் தானாக நிற்க வேண்டும். அதுவரை அந்த வண்டியில் ஏற மாட்டேன், உன்னை அப்பா என்றும் கூப்பிட மாட்டேன் என்றாள். சொன்னபடியே இருந்தாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள். பேச வேண்டியதைச் சுவரிடம் பேசுவாள்.

மலை ஜீப்பில் பின்னால் ஓர் ஆள் தொற்றிக்கொண்டு வர வேண்டும். வண்டி மேட்டில் திணறி நின்றால் அந்த ஆள் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதற்குக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாள். பவுன்தாய் கட்டை வைத்தால் வண்டி இம்மிகூட அசையாது. அந்தத் தைரியத்தில்தான் ஹேண்ட் பிரேக்கைச் சரிபண்ணாமலே ஓட்டினான்.

“இப்போதைக்கு நீ இருக்கேல்ல” என்பான்.

ஒரு மழைநாளில் கட்டை வழுக்கியது. வண்டி அவள்மேல் வந்தது.

அதற்குப் பிறகு ஜீப்பை வீட்டு வாசலிலேயே அக்கக்காகக் கழற்றிப் போட்டான். எஞ்சினை இறக்கினான். துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தான். கிடைத்த சாமான்களைப் பழைய இரும்புக்கடைகளில் பொறுக்கினான். கிடைக்காததை அவனே அரத்தால் ராவி, வளைத்து, உண்டாக்கினான். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெருவே பேசியது. பேசினால் பேசட்டும். அவனுக்கு வேண்டியது மகளின் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்.

நாகஜோதி பாறையிலிருந்து இறங்கி வந்தாள். பானட்டைத் தொட்டாள். சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டு சிரித்தாள்.

“நின்னுருச்சுப்பா.”

அப்பா!

 அவன் எதையோ பார்க்கிறவன்போல வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான்.

அடியில் ஹேண்ட் பிரேக் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

முனை கழன்று, தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. அதில் மாட்ட வேண்டிய சின்ன இரும்புப் பின் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும் என்று ஒரு துண்டுக் கம்பியைச் செருகி முறுக்கி விட்டிருந்தான். அந்தக் கம்பியைக் காணோம்.

கியர்?

நியூட்ரலில்தான் போட்டுவிட்டு இறங்கினான். பிரேக்கைச் சோதிக்கத்தானே வந்தார்கள்.

சக்கரத்துக்கு அடியில் பார்த்தான். கட்டை இல்லை. கல் இல்லை. ஈரமண் மட்டும் இருந்தது.

எதுவுமே பிடிக்காமல் வண்டி நின்றுகொண்டிருந்தது.

இடது பின்சக்கரத்தை ஒட்டி மண் குழிந்திருந்தது, யாரோ முழங்காலை ஊன்றியதுபோல. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி இன்னும் கொஞ்சம் அழுந்தியது.



“ப்பா, ஏறி உக்காரட்டா?”

நாகஜோதி ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள்.

“ஏறாத!”

“ஏன்? அதான் நிக்குதுல்ல?”

உண்மையைச் சொன்னால் அந்தச் சொல் போய்விடும். இந்த ஆயுசுக்கும் திரும்பி வராது. சொல்லாவிட்டால் பிள்ளை ஏறுவாள்.

“பிரேக்கு பிடிக்கல தாயி. கேபிளு கழண்டு தொங்குது. கம்பியத்தான் முறுக்கி விட்டிருந்தேன்.”

அவள் காலை எடுத்தாள். பின்னால் வந்து குனிந்து பார்த்தாள். முகம் சிறுத்துப் போயிற்று.

“இப்பவும் இப்போதைக்குத்தானா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. குரல் இறங்கிவிட்டது.

“அப்ப எப்பிடி நிக்குது?”

 அவன் பாதையோரத்தில் பெரிய கல்லாகப் பார்த்து, மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். மண் குழிந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிவந்து, சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக் கொடுத்தான். அப்படியே மண்டியிட்டான்.

“வச்சுட்டேன் பவுனு. நீ விட்ரு.”

வண்டி அசையவில்லை.

“விட்ரு பவுனு. நல்ல கல்லுதான்.”

அசையவில்லை. குழி இன்னும் ஆழமாயிற்று.

நாகஜோதி வெளிறிப்போய் நின்றாள். அந்தக் குழியைப் பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து அவனருகில் குத்தவைத்து உட்கார்ந்தாள். கல்லைக் கையால் தட்டினாள். இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். அடியில் விரலை விட்டு மண்ணைத் தடவினாள்.

“அப்பா நல்லாத்தாம்மா வச்சிருக்கு” என்றாள்.

ஜீப் மெல்லப் பின்னால் வந்து கல்லின்மேல் உட்கார்ந்தது.